சமயந் தோன்றியவாறும் நிலைபெற்றவாறும்

மேல்வகுப்பு மாணாக்கர் சிலர் சமயபாட வேளையிலே, "சமயம் அச்சத்தினாலே மனிதர் தாமே உண்டாக்கிக்கொண்டதன்றோ?" என்று வினாவுகின்றனர். இவ்வினா புதியதன்று. முன்னர்ப் பெரிய நூல்களைக் கற்றோரே அறிந்திருந்த இது, இப்பொழுது கைத்தொலைபேசி வாயிலாக எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கும் எட்டிவிட்டது. இதனைக் கேட்ட ஆசிரியருட் சிலர் சினந்து வாயடக்குகின்றனர். வேறு சிலர், "அது பரீட்சைக்கு வராது" என்று தள்ளிவிடுகின்றனர். முன்னையோரிடத்து மாணாக்கன் பெறுவது, ஆசிரியரிடம் விடையில்லை என்னும் எண்ணம். பின்னையோரிடத்துப் பெறுவது, சமயத்திலே பொருளில்லை என்னும் எண்ணம். இரண்டுங் கேடேயாம்.

எதிர்க்கொள்கையை நேர்மையாக எடுத்துரைத்தல் நம் மரபுக்கு அயலானதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே உலகாயதம் முதலாகப் பதினான்கு மதங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அம்மதத்தான் கூறுமாறே முதற்கண் நிறுத்தி, அதன்பின்னரே மறுப்புக் கூறினார். கடவுளும் மறுமையும் இல்லையென்பவனுடைய வாதமே அங்கு முதலிடம் பெற்றது. ஆசாரியர் அஞ்சாது எடுத்துரைத்ததை ஆசிரியர் அஞ்சி ஒளித்தல் தகாது. ஆதலின், சமயத்தின் தோற்றத்தையும் நிலைபேற்றையும்பற்றி ஆராய்ச்சியாளர் கூறுவனவற்றுள் வகுப்பறைக்கு வேண்டுவனவற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

1. வினாவைப் பகுத்தல்

மேற்கூறிய வினாவினுள்ளே மூன்று வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. சமயம் எவ்வாறு தோன்றிற்று என்பது ஒன்று. தோன்றிய பின்னர் ஏன் அழியாது நிலைபெற்றது என்பது மற்றொன்று. அது கூறும் பொருள் மெய்யோ என்பது மூன்றாவது. முதலிரண்டும் வரலாற்றையும் மனித இயல்பையும் பற்றியவை; அகழ்வாராய்ச்சியும் மனநூலும் சமுதாய நூலும் அவற்றுக்கு உதவும். மூன்றாவது தத்துவத்தையும் அநுபவத்தையும் பற்றியது. ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொள்வதனாலேயே வகுப்பிலே குழப்பம் விளைகின்றது. கரும்பலகையிலே இம்மூன்றையும் தனித்தனி எழுதிவிட்டாற் பாடத்திற் பாதி முடிந்ததாம்.

2. பழமையின் சான்றுகள்

எழுத்துத் தோன்றுதற்கு முன் மனிதர் யாது நினைத்தனர் என்பதனை அவர் விட்டுச்சென்ற பொருள்களைக் கொண்டே கருதல்வேண்டும். இஸ்ரவேல் நாட்டிலே நாசரேத்துக்கு அணித்தாகிய கப்சே என்னுங் குகையில், ஏறத்தாழ 90,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு சிறுவனுடைய உடலோடு மான்கொம்பு வைக்கப்பட்டிருந்தது. உருசியாவிலே விளாதிமிர் நகரத்தை அடுத்த சுங்கிர் என்னுமிடத்தில், 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு புதைகுழி 1969ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அதிலே தலையோடு தலை சேரக் கிடத்தப்பட்டிருந்த இரு சிறார்மேல் பெருயானைத் தந்தத்தினாற் செய்த மணிகள் பத்தாயிரத்துக்கு மேற் காணப்பட்டன. ஒவ்வொரு மணியும் கையாலே அறுத்துத் துளைத்துத் தேய்த்துச் செய்யப்பட்டது. கடுங்குளிரிலே வேட்டையாடி உயிர்வாழ்ந்த மக்கள், இறந்துபோன பிள்ளைகளுக்காக இத்துணை உழைப்பைச் செலவிட்டனர்.

நம் பக்கத்திலும் இத்தகைய சான்றுகள் உள. திருநெல்வேலிப் பக்கத்து ஆதிச்சநல்லூரிலும் நம் நாட்டுப் பொன்பரிப்பிலும் இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த இடங்கள் அகழப்பட்டன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலே 1980இல் அகழ்ந்த ஈமக்குழியிலே பிணத்தோடு மட்கலங்கள் முதலியன வைக்கப்பட்டிருந்தன. புறநானூற்றிலே ஈமத்தாழியைப் பற்றியும், வீழ்ந்த வீரனுக்கு நட்ட நடுகல்லைப் பற்றியும் செய்யுட்கள் இருத்தலை ஆசிரியர் அறிவர்.

துருக்கி நாட்டின் தென்கிழக்கிலே கோபெக்லி தெப்பே என்னும் மேட்டில் ஜெர்மானிய அறிஞர் கிளாவுஸ் சிமித்து 1995 முதல் நடத்திய அகழ்வு இவற்றிலும் வியப்பானது. அங்கே, ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த கற்றூண்கள் வட்டமாக நிறுத்தப்பட்டு, நரி, பாம்பு, கழுகு முதலிய உருவங்கள் அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளன. காலம் கி.மு. 9500 அளவு. அக்காலத்தவர் மட்கலஞ் செய்யவும் அறியார். பயிர்த்தொழிலும் அவரிடத்து நிலைபெறவில்லை. வயிறு நிறைந்த பின்னரே மனிதர் வழிபாட்டிடங் கட்டினர் என்று முன்னே பலரும் எண்ணியிருந்தனர். இக்கண்டுபிடிப்பு அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது. அவ்விடத்திலே மக்கள் குடியிருந்தமைக்கு அடையாளங்களும் பின்னர் வெளிப்பட்டமையால், அதனை வழிபாட்டிடம் என்று மட்டுங் கூறலாகாது என்பாரும் உளர்.

பிணத்தைப் புதைத்தமை ஒன்றே சமயத்துக்கு முடிந்த சான்றாகாது. அன்பும் துயரமும் அதற்குப் போதும். ஆயினும், இறந்தவருக்கு அணிகலனும் கலமும் கொடுத்தனுப்பிய கை, அவர் எங்கோ செல்கின்றார் என்று எண்ணிய மனத்தினது கை என்று கருதுதல் பொருந்தும்.

3. தோற்றம்பற்றிய கொள்கைகள்

இவற்றுள் ஐந்து ஆசிரியர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது அச்சக்கொள்கை. ஸ்கொத்லாந்து நாட்டுத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட நூலிலே, நாளை என்ன நேருமோ என்னும் அச்சமும் ஆசையுமே தெய்வ நம்பிக்கையைப் பிறப்பித்தன என்றார். இதனைச் சோதித்தற்கு மலினோவ்ஸ்கி என்பார் கண்டெழுதிய செய்தி ஒன்று உதவும். அவர் 1915 முதல் 1918 வரையுள்ள காலத்திலே பசிபிக்குச் சமுத்திரத்துத் துரோபிரியந்துத் தீவுகளில் வாழ்ந்து அம்மக்களை ஆராய்ந்தார். அலையடங்கிய களப்பிலே மீன்பிடிப்பவர் மந்திரச் சடங்கு எதனையுஞ் செய்வதில்லை. இடரும் ஐயமும் மிக்க திறந்த கடலுக்குச் செல்பவரோ பல சடங்குகளைச் செய்வர். இம்மட்டில் ஹியூம் கூறியது சரியே. ஆனால் அதே மக்கள் தோணி கட்டுதலிலும் காற்றறிதலிலும் மிக வல்லவர். சடங்கைச் செய்துவிட்டுத் துடுப்பைக் கைவிட்டாரல்லர். அறியாமையாற் பிறந்தது சடங்கு என்று கூறுவார்க்கு இஃது இடையூறாம். தன் அறிவையும் முயற்சியையும் முற்றச் செலுத்திய பின்னும் தன் கையில் இல்லாதது ஒன்று உண்டு என்று உணர்ந்த இடத்திலேயே அம்மனிதன் கைகூப்பினான்.

இரண்டாவது ஆவிக்கொள்கை. எட்வர்ட் தைலர் என்னும் ஆங்கில அறிஞர் 1871இல் இதனை விரித்துரைத்தார். கனவிலே இறந்தவர் வருகின்றனர்; உறங்குபவன் கிடந்த இடத்திலே கிடக்க அவனுள் ஏதோ ஒன்று ஊர்சுற்றுகின்றது; பிணத்தினின்றும் ஏதோ ஒன்று நீங்கிவிட்டது. இவற்றை எண்ணிய ஆதிமனிதன் உடலின் வேறாய ஒன்றுண்டு என்று துணிந்தான். பின் மரத்துக்கும் ஆற்றுக்கும் அவ்வாறே உயிருண்டு என்று கொண்டான். அதிலிருந்து தெய்வங்கள் எழுந்தன என்பது அவர் கொள்கை. எர்பட் ஸ்பென்சர் என்பவரும் ஏறக்குறைய அக்காலத்திலேயே, முன்னோரை வணங்கியதே வழிபாட்டின் வேர் என்றார். தொல்காப்பியம் நடுகல்லுக்குக் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை முதலிய நிலைகளைக் கற்பிக்கும்போது இக்கொள்கையை ஆசிரியர் ஒப்பிட்டுக் காட்டலாம். இதன் குறை யாதெனின், ஆதிமனிதனைத் தனியே அமர்ந்து காரணம் ஆராயும் பண்டிதனாகக் கொண்டமையாம். மக்கள் முதலிற் கூடி ஆடினர், அழுதனர், படைத்தனர். காரணங் கூறியது பெரும்பாலும் பின்னரேயாம்.

மூன்றாவது தந்தைக்கொள்கை. வியன்னா நகரத்து மனநூல் வைத்தியர் பிராய்து 1927இல் எழுதிய நூலிலே, குழந்தை தன் தந்தையினிடத்துக் கொண்ட அச்சமும் அடைக்கல உணர்ச்சியுமே வளர்ந்தவனுக்குக் கடவுளாகத் தோன்றுகின்றன என்றார். கடவுளைத் தந்தையாகவே பாவிக்குஞ் சமயங்களை நோக்கியெழுந்த கொள்கை இது. தாயாகப் பாவிப்போரையும், தோழனாகப் பாவிப்போரையும், படைப்புக் கடவுளைக் கூறாத சமண பௌத்தரையும் இது தழுவமாட்டாது.

நான்காவது மனவியற்கைக் கொள்கை. இஃது அண்மைக் காலத்தது. டெபோரா கெலமன் என்னும் அமெரிக்க மனநூலார் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஆசிரியர்க்கு மிகச் சுவையானது. பாறைகள் ஏன் கூர்மையாயுள்ளன என்று சிறாரைக் கேட்டபொழுது, மண்ணும் மணலும் படிந்து அவ்வாறாயின என்னும் விடையிலும், விலங்குகள் தினவெடுக்கும்போது உராய்ந்துகொள்ளுதற்காக என்பது போன்ற விடையையே அவர்கள் விரும்பித் தெரிந்தனர். உலகிலுள்ள யாவும் ஒரு நோக்கத்துக்காகவே உள்ளன என்று கருதுதல் குழந்தை மனத்தின் இயல்பு. அவ்வாறே, புதரிலே சலசலப்புக் கேட்டால், காற்று என்னுமுன் "யாரோ" என்பதே நம் மனத்தில் முந்தி எழுகின்றது. புலி என்று பிழையாக எண்ணி ஓடியவன் பிழைத்தான். காற்று என்று பிழையாக எண்ணி நின்றவன் மாண்டான். இவ்வியல்பே கண்ணுக்குப் புலனாகாத அறிவுடைப் பொருளை மனிதன் எளிதில் ஏற்றற்குக் காரணம் என்பர். ஆனால் "யாரோ" என்னும் திடுக்கம் ஒரு கணத்தில் மறையும். வழிபாடோ ஆயிரம் ஆண்டு நிற்கின்றது. விதை முளைக்கத்தக்க நிலம் எது என்பதை இக்கொள்கை காட்டுமேயன்றி, முளைத்ததை வளர்த்தவர் யாரென்று காட்டாது.

ஐந்தாவது சமுதாயக் கொள்கை. பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1912இல் இதனை நிறுவினார். அவுஸ்திரேலிய நாட்டு ஆதிக்குடிகளின் சடங்குகளைப்பற்றிப் பிறர் எழுதியவற்றை ஆராய்ந்த அவர், சிதறி வாழ்ந்தோர் ஒன்றுகூடி ஆடிப்பாடும்போது தம்மிற் பெரியதோர் ஆற்றல் தம்மை ஆட்கொண்டதாக உணர்கின்றனர் என்றும், அவ்வுணர்ச்சியிலிருந்தே தூயது என்னும் எண்ணம் பிறந்தது என்றுங் கூறினார். தேர்த்திருவிழாவிலே வடம்பிடித்த மாணாக்கனுக்கு இதனை எளிதில் விளக்கலாம். தனியொருவனால் அசையாத தேர், பலர் கைப்பட அசையும் அக்கணத்திலே அவன் உள்ளத்தெழுந்தது யாதென்று அவனையே கேட்க. தனிமையிலே தவம்புரிந்த ஞானியரும், தம் சமுதாயத்தையே கண்டித்தெழுந்த அருளாளரும் இக்கொள்கைக்குள் அடங்காமை இதன் குறையாம். ஆயினும் துர்கைம் கூறிய ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது: வெறும் மயக்கமாயின் ஒன்று இத்துணைக் காலம் மக்களைத் தாங்கி நின்றிராது என்றார் அவர், அவரோ கடவுள் நம்பிக்கை உடையவரல்லர்.

இவ்வைந்தும் குருடர் யானை கண்ட கதையை நினைப்பூட்டும். காலைத் தொட்டவன் உரல் என்றதும், செவியைத் தொட்டவன் சுளகு என்றதும் பொய்யல்ல. யானை அவ்வளவே என்றதுதான் பிழை.

4. தோற்றமும் உண்மையும்

இனி மாணாக்கன், "இவ்வாறெல்லாந் தோன்றியது என்றால் சமயம் பொய்யென்று ஆகாதோ?" என்பான். ஆகாது. மனிதன் ஆடு மாடுகளையும் தானியத்தையும் விரல்விட்டு எண்ணப்புகுந்ததனாலே கணிதம் வளர்ந்தது. அதனாற் கணிதம் விரலளவிற்றாகிவிட்டதோ? கோள்களைக்கொண்டு பலன் கூற விரும்பியோர் வானத்தைக் கூர்ந்து நோக்கியதால் வானநூல் வளம்பெற்றது. அதனால் இன்றைய வானநூல் பொய்யாயிற்றோ? ஒரு கொள்கை எவ்வழியாக ஒருவன் மனத்தில் வந்தது என்பது வேறு. அது மெய்யோ அன்றோ என்பது வேறு.

இந்நீதி நமக்கும் ஒக்கும் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. "உலகமெங்கும் எக்காலத்தும் மக்கள் கடவுளை நம்பினர், ஆதலாற் கடவுள் உண்டு" என்று நம்மவர் மேடைகளிற் கூறுவர். ஞாயிறு பூமியைச் சுற்றுகின்றது என்றும் உலகமெல்லாம் நெடுங்காலம் நம்பியிருந்தது. பலர் நம்பினர் என்பது ஒரு பொருளை மெய்யாக்காது; அச்சத்தால் நம்பினர் என்பது அதனைப் பொய்யாக்காது. தோற்ற ஆராய்ச்சியைக் கொண்டு கடவுளை மறுப்பவனையும் நாட்டுபவனையும் ஒருங்கே நிறுத்தி, "உம் ஏது உம் முடிவைத் தாங்கவில்லை" என்று காட்டுகின்ற ஆசிரியரே மாணாக்கனுக்குச் சிந்திக்கக் கற்பித்தவராவர். மூன்றாம் வினாவுக்குரிய விடையைக் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளைக்கொண்டு தனியே ஆராய்தல் வேண்டும். அதற்குரிய பாடம் வேறு.

5. நிலைபேற்றின் காரணம்

தோன்றியவை யாவும் நிலைபெறுவதில்லை. எகிப்தியரும் யவனரும் உரோமரும் வணங்கிய தெய்வங்களின் கோயில்கள் இன்று காட்சியிடங்களாயின. ஆகவே நிலைபேற்றுக்குத் தனிக்காரணம் வேண்டும்.

அரசின் வன்மை நிலைபெறுவிக்கும் என்பாரும், அரசின் வன்மை அழிக்கும் என்பாரும் உளர். இரண்டையும் நம் நாட்டு வரலாற்றிலேயே சோதிக்கலாம். பறங்கியர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். 1658இல் அவர்க்குப்பின் வந்த ஒல்லாந்தர், கோயிற்பற்றுத்தோறும் பாடசாலை வைத்து, வராத பிள்ளைகளின் பெற்றோருக்குத் தண்டம் விதித்து, ஞானஸ்நானமும் விவாகமும் தம் பதிவேட்டில் ஏறச்செய்தனர். அப்பதிவேட்டின்படி நாடு முழுவதும் கிறிஸ்தவ நாடே. ஆயினும் விரத நாளிலே வீட்டினுள் மறைவாக உண்டு, உண்ட இலையை எறிந்தாற் பிறர் காண்பரென்று கூரை இறப்பிலே செருகிவைத்தனர் என்னுஞ் செவிவழிச் செய்தி இன்றும் நம் கிராமங்களில் வழங்குகின்றது. ஒல்லாந்தர் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே 1734ஆம் ஆண்டளவில் நல்லூரிலே கோயில் மீண்டும் எழுந்தது. 1795இல் அவ்வாட்சி நீங்கவே, பதிவேட்டிற் கிறிஸ்தவராயிருந்தோரிற் பெரும்பாலார் அப்பெயரை உதிர்த்துவிட்டனர்.

இது சைவத்துக்கே உரிய தனிச்சிறப்பென்று கொள்ளற்க. அதே ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தையுந் தடுத்திருந்தனர். கோவையிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த யோசேவாஸ் முனிவர், இரவலர் போன்ற கோலத்தோடு வந்து, சில்லாலை முதலிய ஊர்களிலே மறைந்திருந்து தம்மவரைப் பேணினார். அச்சமயமும் அழியவில்லை. அரசினர் பள்ளியிலே சம்பளத்துக்குக் கற்பித்த சமயம் உதிர்ந்தது. உயிரச்சத்தோடு வீட்டிற் பேணிய இரு சமயங்களும் நின்றன.

உருசியாவில் இதனினும் பெரிய சோதனை நடந்தது. 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் ஆண்ட பொதுவுடைமையார், சமயத்தை ஒழித்தற்கென்றே 1925இல் ஒரு சங்கம் அமைத்தனர். மொஸ்கோ நகரத்து மீட்பராகிய கிறிஸ்துவின் பேராலயத்தை 1931இல் வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்விடம் பின்னர் நீச்சற்குளமாயிற்று. 1937இல் எடுத்த குடிமதிப்பிலே, நீர் கடவுளை நம்புகின்றீரோ என்று கேட்டனர். கேட்பவர் அரசின் ஆள்; காலமோ கொடியது. அங்ஙனமாகவும் பதினாறு வயதும் அதற்கு மேலுமுள்ளோரில் ஏறத்தாழ 5 கோடி 50 இலட்சம் பேர், அஃதாவது விடையளித்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர், நம்புகின்றோம் என்றனர். அரசு அக்கணக்கையே மறைத்துவிட்டது. 1991இல் அவ்வாட்சி முடிந்தது. இடிந்த பேராலயம் மீளக் கட்டப்பட்டு 2000ஆம் ஆண்டிலே பிரதிட்டை செய்யப்பட்டது. அல்பேனியா தேசமும் 1967இல் எல்லா வழிபாட்டிடங்களையும் மூடிற்று, 1990இல் திறக்கவேண்டியதாயிற்று.

இனி மறுபுறத்தை நோக்குக. இங்கிலாந்திலும் வேல்சிலும் சமயத்தைத் தடுத்தவர் எவருமிலர். அரசரே அங்குத் திருச்சபைத் தலைவர். அங்ஙனமிருந்தும், 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே கிறிஸ்தவர் என்றோர் நூற்றுக்கு 72 பேராயிருக்க, 2021இலே 46 பேராயினர்; சமயமில்லை என்றோர் 15இலிருந்து 37 ஆயினர். வோவாசு, குரொக்கெற்று என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2005இல் வெளியிட்ட முடிபு இதன் காரணத்தை ஓரளவு காட்டும். பிரித்தானியாவிலே தாய் தந்தையர் இருவரும் சமயம் பேணுவோராயின் அவர் பிள்ளைகளிற் பாதிப்பேர் அதனைப் பெறுகின்றனர்; ஒருவர் மட்டுமாயிற் காற்பங்கினர்; இருவருமிலராயின் ஏறக்குறைய எவருமில்லை என்பதாம்.

வாளாலும் வெடியாலும் அழியாதது, வீட்டிலே பேணாமையால் மெல்ல மெல்லத் தேய்கின்றது. ஏன்? ஜோசப் ஹென்றிக் என்னும் மானிடவியலார் 2009இல் இதற்கு ஒரு விளக்கங் கூறினார். சொல்லுதல் எளிது, பொய்யுஞ் சொல்லலாம். ஆதலாற் பிள்ளைகள் பெரியோர் சொல்வதைக் கேட்டு மட்டும் நம்புவதில்லை. சொன்னபடி அவர் செய்கின்றனரோ, அதன்பொருட்டுத் தம் சுகத்தையும் பொருளையும் இழக்கின்றனரோ என்று நோக்குகின்றனர். பசித்திருந்து விரதங்காக்கும் தாயின் முகம் பிள்ளைக்குச் சான்று. நம்பாத ஒன்றுக்காக எவரும் பசித்திரார் என்று அது அறியும். 19ஆம் நூற்றாண்டிலே அமெரிக்காவிற் பொதுவாழ்வு வாழ அமைத்த 200 குடியிருப்புக்களின் வரலாற்றை றிச்சட் சோசிஸ் என்பார் 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்து, சமயச் சார்புடையன ஏனையவற்றினும் நெடுங்காலம் நின்றமையைக் காட்டினார். பின்னர் 83 குடியிருப்புக்களை ஆராய்ந்தபோது, உணவு, உடை, நடை முதலியவற்றிலே உறுப்பினரிடம் மிகுதியான நியமங்களை வேண்டிய சமயக் குடியிருப்புக்களே மிகுதியும் நிலைத்தன என்பதும் புலனாயிற்று. சுமையைக் குறைத்தாற் சமயம் வளரும் என்று எண்ணுவார்க்கு இது சிந்திக்கத்தக்கது.

ஆறுமுக நாவலரின் வெற்றியையும் இவ்வாறே உணர்தல் வேண்டும். அவர் யாழ்ப்பாணத்து உவெசிலியன் மிஷன் பாடசாலையிற் கற்று அங்கேயே கற்பித்தவர். 1848இல் ஊதியம் வந்த அவ்வேலையைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இல்லறத்தையும் ஏற்றாரல்லர். அவர் பிரசங்கத்தைக் கேட்டோர், அவர் விட்டவற்றையுங் கண்டிருந்தனர்.

6. ஆசிரியர் கடமை

இலங்கைப் பாடசாலைகளிலே சமயம் ஒரு பரீட்சைப் பாடம். அதனால் விளைந்த நன்மை, எல்லாப் பிள்ளைகளும் சமயநூல் வாசிக்கின்றனர் என்பது. விளைந்த கேடு, சமயம் புள்ளியாய்விட்டது என்பது. ஒல்லாந்தர் பாடசாலையிலே வினாவிடையை ஒப்பித்த பிள்ளைகளை நினைக்க. அவர்கள் பிழையின்றி ஒப்பித்தனர். வீடு சென்று விபூதி தரித்தனர். இன்று நம் பிள்ளைகள் நாயன்மார் வரலாற்றைப் பிழையின்றி எழுதி உயர்ந்த புள்ளி பெற்று, வீடு சென்று எதனையுஞ் செய்யாதிருப்பாராயின், ஒல்லாந்தர் பள்ளிக்கும் நம் பள்ளிக்கும் வேற்றுமை பாடப்புத்தகத்தளவேயாம். நம் நிலையோ அதனினும் இரங்கத்தக்கது. அவர்களுக்கு வீட்டிலே ஒன்றிருந்தது.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கன சில கூறுவாம்.

ஒன்று: ஐயம் வினாவும் மாணாக்கனை நாத்திகன் என்று பெயரிடற்க. வினாவாதவன் உள்ளத்திலேதான் சமயம் இறந்திருக்கலாம். வினாவுகின்றவன் அதனோடு மல்லாடுகின்றான். மேற்கூறிய ஐந்து கொள்கைகளையும் அவனுக்குச் சொல்லி, ஒவ்வொன்றன் வலிமையையும் குறையையும் அவனையே கூறச்செய்க.

இரண்டு: தெரியாததைத் தெரியாதென்க. எல்லாவற்றையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று விஞ்ஞானச் செய்திகளைப் புராணத்தில் ஏற்றிக் கூறுதலை ஒழிக்க. விஞ்ஞான ஆசிரியர் மறுநாள் மறுத்துரைக்கும்போது, மாணாக்கன் அப்பொய்யோடு புராணத்தையும் சேர்த்தெறிவான்.

மூன்று: செய்யக் கற்பிக்க. விளக்கேற்றல், பூத்தொடுத்தல், கோயில் வீதி கூட்டுதல், தேவாரத்தைப் பண்ணோடு பலர் கூடிப் பாடுதல், பசித்தவர்க்கு அன்னமிடுதல் ஆகியவற்றைப் பிள்ளைகளோடு ஆசிரியருஞ் செய்க. பிள்ளைகளை ஏவிவிட்டு நிழலில் நிற்கும் ஆசிரியர், அவ்வேலை இழிந்தது என்பதையே கற்பிக்கின்றார்.

நான்கு: பிறசமயத்தை இகழற்க. நாம் மிஷன் கல்லூரியிற் பயின்றோம். அங்கு எம்மைச் சமயம் மாறும்படி எவ்வளவோ சொற்கள் கூறப்பட்டன; அவை நினைவில் இல்லை. நோயுற்ற மாணாக்கனருகே இரவெல்லாம் விழித்திருந்து செபித்த ஓராசிரியரின் உருவமே நினைவில் உள்ளது. நாம் சைவராகவே நின்றோம்; எனினும் சமயம் என்பது எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்கின்றது என்பதை அவரிடமே கண்டோம்.

ஐந்து: தம்மைத் தாமே சோதிக்க. சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர், பாடவேளை அல்லாத காலத்திலே பிள்ளைகள் தம்மைக் காணும்போது காண்பது யாது என்று நாள்தோறும் எண்ணுக. கொல்லாமை கூறிய வாய் எதனை உண்கின்றது, எல்லாருஞ் சிவன் பிள்ளைகள் என்ற வாய் சாதி பார்த்து எவரை விலக்குகின்றது என்பவற்றைப் பிள்ளைகள் குறித்துக்கொள்கின்றனர். அக்குறிப்பேடு நம் கைக்கு வருவதில்லை. அடுத்த தலைமுறையிலேதான் அதன் புள்ளிகள் வெளியாகும்.

சமயம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிஞர் இன்னும் நெடுங்காலம் ஆராய்வர். அது எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதற்குரிய விடையோ ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வகுப்பிலும் நாள்தோறும் எழுதப்படுகின்றது. அவ்விடையின் ஒரு பகுதி நம் கையில் உள்ளது. இவ்விதழைப் படித்த ஆசிரியர், வருகின்ற வாரத்துச் சமயபாடத்திலே மாணாக்கர்க்கு இருக்கும் ஐயங்களைப் பெயர் குறியாது ஒரு தாளில் எழுதித் தரச்செய்து, அவற்றை எடுத்து விடைகூறத் தொடங்குவாராக.